பதிவேட்டில் ஒரு பெயர்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற உள்ளடக்கிய கல்விப் பயிற்சியில், அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மேடம், நீங்க ஆசிரியராவும் பேசணும், அம்மாவாவும் பேசணும்" என்று சொல்லித்தான் என்னை இங்கே அழைத்தார்கள். எதை முதலில் சொல்வது என்று யோசித்தேன். ஆசிரியராக நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஜூன் மாதம், மாணவர் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. அன்று தலைமையாசிரியர் விடுப்பு. சேர்க்கைப் பதிவேடு என் மேசையில் இருந்தது. ஒரு தாய் தன் ஏழு வயது மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் வந்ததும் மின்விசிறி சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தான். பெயரைக் கேட்டேன், திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். நான் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "இவனுக்கு இது ஏத்த இடம் இல்லம்மா. டவுன்ல இதுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு, அங்க பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை; அக்கறையோடுதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் எங்காவது சேர்ந்தானா என்று நான் விசாரிக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, என் மகனுக்கு ஆட்டிசம் என்று சான்றிதழ் கையில் வாங்கியிருந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்குச் சேர்க்கைக்காகப் போனேன். அங்கிருந்த ஆசிரியை மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மேடம், உங்க பையனுக்கு இது ஏத்த இடம் இல்லை." நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் அந்தத் தாயின் முகம் நினைவுக்கு வந்தது.

ஆட்டிசம் என்றால் என்ன என்று நம்மில் பலருக்கு ஓரளவு தெரியும். அது நோய் அல்ல. மூளை வளர்ச்சியில் இருக்கும் ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுவது, கருத்தைப் பரிமாறுவது, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணர்வது ஆகியவை இந்தக் குழந்தைகளிடம் வேறு விதமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் உண்டு. ஒரு குழந்தையைப் போல் இன்னொரு குழந்தை இருப்பதில்லை. சில குழந்தைகள் பேசவே மாட்டார்கள். சில குழந்தைகள் பேருந்து எண்களையும் ஊர்ப் பெயர்களையும் வரிசையாக ஒப்பிப்பார்கள்.

1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இதைப் பற்றிய பேச்சு பரவலாகத் தொடங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள், பாசம் காட்டாத தாய்தான் இதற்குக் காரணம் என்றொரு கருத்து நிலவியது. அதை 1964-இல் தம் நூலின் மூலம் வலுவாக மறுத்தவர் பெர்னார்டு ரிம்லாண்டு. அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. அந்தப் பழைய கருத்தை மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது. நாம்தான் இன்னும் கைவிடவில்லை. "சின்ன வயசுல செல்போன் கொடுத்தீங்களா?", "வேலைக்குப் போறதால கவனிக்க முடியலையோ?" என்று என்னிடம் கேட்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். தயவுசெய்து எந்தத் தாயிடமும் இப்படிக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைத் தினமும் இரவில் அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

வீட்டில் நானும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மூன்று ஆண்டுகள் அவனை மாற்றுவதற்கே முயன்றேன். ஒரு நோட்டு வைத்திருந்தேன். அவன் புதிதாகச் சொல்லும் சொற்களைத் தேதி போட்டு எழுதுவேன். சொல் வராத நாட்களில் எனக்குக் கோபம் வரும். ஒருநாள் என் மாமியார் திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இவனும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்து, பெரிய பருப்பு ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தான். நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தை சொன்னார்: "பேச்சு வரும்போது வரட்டும். இப்ப மொச்சை உரிக்க வருதே, அத எழுது." அன்றிலிருந்து நோட்டில் அவனுக்கு வருவதை எழுதத் தொடங்கினேன். பேச்சுப் பயிற்சியை நிறுத்தவில்லை. ஆனால், அவன் மாறினால்தான் மகிழ்ச்சி என்று காத்திருப்பதை நிறுத்திவிட்டேன்.

பிறகு நான் பணிபுரியும் பள்ளியிலேயே அவனைச் சேர்த்தேன். அவனுடைய முதல் வகுப்பு ஆசிரியை செய்தவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

பள்ளி மணி அடித்தால் அவன் அலறுவான். அவர் மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே, "இப்ப மணி அடிக்கும்" என்று சொல்லிவிடுவார். காதைப் பொத்திக்கொள்ள விடுவார். நான்காம் வகுப்பில் மணி அடிக்கும் வேலையை அவனிடமே கொடுத்தோம். தானே அடிக்கும் ஒலி அவனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை.

சட்டையைக் கழற்றி எறிவான். அடம் என்றுதான் நினைத்தோம். காலரின் உட்பக்கம் தைத்திருந்த துணிப் பட்டை கழுத்தை உறுத்தியிருக்கிறது. கத்தரித்து எடுத்ததும் சரியாகிவிட்டது.

அன்றைய வேலைகளைப் படங்களாக ஒரு சார்ட்டில் ஒட்டி வைத்தார். வழிபாட்டுக் கூட்டம், பாடம், மதிய உணவு, விளையாட்டு, வீடு. ஏதாவது மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்வார். இன்று நாம் எல்லோரும் பயிற்சிக்கு வந்திருக்கிறோம். உங்கள் வகுப்பில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், "நாளை நான் வர மாட்டேன், வேறு டீச்சர் வருவாங்க" என்று நேற்றே சொன்னீர்களா?

அவனிடம் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் சொல்வார். "நோட்டை எடு." சொல்லிவிட்டுப் பொறுத்திருப்பார். அவன் "சாப்பிட்டியா?" என்று கேட்டால், தனக்குப் பசிக்கிறது என்று பொருள். நாம் கேட்பதையே அவன் திருப்பிச் சொல்கிறான். அதைக் கேலியாகவோ எதிர்த்துப் பேசுவதாகவோ எடுத்துக்கொள்ளாமல், "எனக்குப் பசிக்குது" என்று சொல்லிக் காட்டுவார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒருநாள், ஆண்டு விழாவுக்காக வராண்டாவில் டிரம் பயிற்சி நடந்தது. ஓசை தாங்காமல் தவித்தவன், அருகில் இருந்த சிறுமியின் கையைக் கடித்துவிட்டான். மறுநாள் அவளுடைய அப்பா வந்து, "இந்தப் பையனை வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்றார். அவர் கோபம் நியாயமானது. தாயாக அவரிடமும் அந்தச் சிறுமியிடமும் மன்னிப்புக் கேட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசினோம். டிரம் பயிற்சியைத் திடலின் கோடிக்கு மாற்றினோம். ஓசை கூடும்போது அவன் போய் உட்கார நூலக மூலையில் ஒரு பாய் போட்டோம். அந்தச் சிறுமியின் இருக்கையையும் அவள் கேட்டபடி மாற்றினோம். உள்ளடக்கிய கல்வி என்பது ஒரு குழந்தைக்காக இன்னொரு குழந்தையின் வலியை மறைப்பதல்ல. ஏன் நடந்தது என்று கண்டுபிடித்து, மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்வது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7 வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அது இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்களின் தேர்வு. அதை முடிவு செய்வது சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருக்கும் நாம் அல்ல. நான் அன்று சொன்ன வாக்கியம் இன்று சட்டப்படியும் தவறு.

இன்னொன்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, கண் பார்த்துப் பேசாத, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத குழந்தையைக் கண்டால், "ஆட்டிசம்" என்று நாமே பெயர் வைத்துவிட வேண்டாம். வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போகப் பெற்றோருக்கு வழி சொல்லுங்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், பொதுத் தேர்வுச் சலுகைகளுக்கான மருத்துவச் சான்றை ஒன்பதாம் வகுப்பிலேயே தயார் செய்யச் சொல்லுங்கள். என் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. நானும் அந்தக் கோப்போடுதான் அலைந்துகொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு ரேஷன் கடையில் அந்தத் தாயைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றார். பக்கத்தில் நெடுநெடுவென்று வளர்ந்த மகன், அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். "பள்ளிக்கூடம் போனானாம்மா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர். ரெண்டு பஸ் மாறணும். கூலி வேலைய விட்டுட்டு தினம் யார் கூட்டிட்டுப் போறது?" அவர் குரலில் கோபம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னது அவருக்கு நினைவிலேயே இல்லை. அப்படிச் சொன்னவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை போலிருக்கிறது.

அவனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இப்போதுதான் வாங்கிக் கொடுத்தோம். விண்ணப்பத்தில் கையெழுத்து என்ற இடத்தில் பெருவிரல் வைத்தான். அந்தக் கையெழுத்தை என்னால் இனி அவனுக்குத் திருப்பித் தர முடியாது.

மறுபடியும் ஜூன் மாதம் வரும். உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு தாய் வந்து நிற்பார். பையன் சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருப்பான். "உட்காருங்கம்மா, பையன் பேர் என்ன?" என்று கேளுங்கள். முதலில் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதுங்கள். எப்படிக் கற்பிப்பது என்பதை நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.