கோபத்தை எழுதிக் கொடுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. வீட்டையும் ரெண்டு ஆட்டையும் பார்த்துக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏத்துற வேலை பார்க்கிறார். எங்க வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொல்லி தலைவி அக்கா கேட்டுக்கிட்டாங்க. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

கொரோனா வந்தப்ப எல்லாருக்கும் ஒரு பயம் இருந்துச்சு இல்லையா? அந்தப் பயத்தில்தான் 2021 ஜனவரியில் ஒரு தனியார் கம்பெனியில் மருத்துவக் காப்பீடு எடுத்தோம். சொந்தக்காரப் பையன்தான் ஏஜெண்ட். திண்ணையில் உட்கார்ந்து, போனிலேயே கேள்விக்கெல்லாம் அவனே பதில் தட்டினான். "அக்கா, ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க"ன்னான். சொன்னேன். என்ன கேட்டாங்க, என்ன பதில் போனதுன்னு நான் பார்க்கலை. வருஷத்துக்கு 14,200 ரூபாய், குடும்பத்துக்கு 3 லட்சம் வரைக்கும் தருவாங்கன்னு சொன்னான். ஆடு வித்து ஒரு வருஷம், சீட்டு எடுத்து ஒரு வருஷம்னு மூணு வருஷம் தவறாமல் கட்டினோம்.

2023 ஜூலையில் ஒரு ராத்திரி இவருக்கு வயித்து வலி. துடிச்சுப் போயிட்டார். தனியார் ஆஸ்பத்திரியில் குடல்வால் வெடிச்சிருச்சுன்னு சொல்லி உடனே ஆபரேஷன் செஞ்சாங்க. உயிர் பிழைச்சார். அந்த டாக்டருக்கு இன்னைக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன்.

அஞ்சாம் நாள் வீட்டுக்குப் போகலாம்னு பையெல்லாம் கட்டி வச்சிட்டோம். சாயங்காலம் காப்பீட்டு கவுண்டரில் இருந்த பொண்ணு கூப்பிட்டுச்சு. "அக்கா, உங்க கம்பெனி பணம் தர மாட்டேன்னு சொல்லிட்டாங்க. 1,26,400 ரூபாய் கட்டணும்"னு சொல்லுச்சு. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. என் கொழுந்தன் அந்தப் பொண்ணுகிட்ட போட்டான் பாருங்க ஒரு சத்தம்! ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்துச்சு. அது அழுதிருச்சு. பாவம், மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்குற பிள்ளை. இல்லைன்னு சொன்னவன் எங்கேயோ இருக்கான். அவன் முகத்தை இன்னைக்கு வரைக்கும் நான் பார்த்ததில்லை.

என் ரெண்டு பவுன் சங்கிலியை அடகு வச்சு 70,000. நம்ம குழுவில் அவசரக் கூட்டம் போட்டு உள்கடன் 40,000 கொடுத்தாங்க. மீதியை என் தம்பி கொடுத்தான். அப்படித்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் நான் ஒரே அழுகை. "ஏமாத்திட்டாங்க, இனி எந்தக் கம்பெனியையும் நம்பாதீங்க"ன்னு புலம்பினேன். எங்க ஊக்குநர் அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "என்ன காரணம்னு எழுதிக் கொடுத்தாங்களா?"

"இல்லைக்கா, வாயால சொன்னதுதான்."

"நம்ம குழுவில் ஒருத்தருக்குக் கடன் இல்லைன்னு சொன்னாலே தீர்மான நோட்டில் எழுதுறோம். லட்ச ரூபாய் இல்லைன்னு சொன்னவன் எழுதித் தர வேண்டாமா? முதல்ல அதை வாங்கு."

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்துச்சு. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீது எல்லாத்தையும் சேர்த்து கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பணம் கேட்டேன். செப்டம்பரில் கடிதம் வந்துச்சு. நோயாளிக்கு 4 வருஷமாக பி.பி. இருக்கு, பாலிசி எடுக்கும்போது அதை மறைச்சிட்டீங்க, அதனால பணம் கிடையாதுன்னு இருந்துச்சு.

நாலு வருஷமா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவருக்கு பி.பி. இருக்குன்னு கண்டுபிடிச்சதே நம்ம குழு உறுப்பினர்தான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்துச்சு இல்லையா, அதில் தன்னார்வலராகச் சேர்ந்த எங்க குழுத் தங்கச்சி அந்த வருஷம் நவம்பரில் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொன்னாள். பாலிசி எடுத்ததோ ஜனவரியில். பத்து மாசம் கழிச்சு வந்ததை எப்படி முன்கூட்டியே மறைக்க முடியும்?

அப்புறம் அந்த நாலு வருஷம் எங்கிருந்து வந்துச்சு? ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்கினேன். சேர்த்த அன்னைக்கு ராத்திரி ட்யூட்டி டாக்டர் அப்படி எழுதி வச்சிருந்தார். வலியில் கத்திக்கிட்டு இருந்த மனுஷன் என்ன சொன்னாரோ, அவர் காதில் என்ன விழுந்துச்சோ. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு ஒன்றேகால் லட்சத்தை இல்லைன்னு சொல்லிட்டாங்க. குடல்வாலுக்கும் பி.பி.க்கும் என்ன சம்பந்தம்னு ஒருத்தரும் கேட்கலை.

வீட்டில் பீரோவைக் குடைஞ்சேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சின்ன நோட்டு கிடைச்சது. முதல் நாள் தேதி, பி.பி. அளவு, கொடுத்த மாத்திரை எல்லாம் அதில் இருந்துச்சு. அங்கே இருக்குற டாக்டரம்மா, இன்ன தேதியில்தான் முதல்முதலாகப் பதிவு ஆனதுன்னு ஒரு சான்றும் எழுதிக் கொடுத்தாங்க.

அதை வச்சுக் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதினேன். எங்கள் முடிவில் மாற்றம் இல்லைன்னு ஒத்தை வரியில் பதில் வந்துச்சு. அதற்கு மேல் எங்கே போறது? கூட்டமைப்புக் கணக்காளர் தங்கச்சிதான் விசாரிச்சுச் சொன்னாள், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஓம்பட்ஸ்மேன், அலுவலகம் இருக்குன்னு. அங்கே மனு போடக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நவம்பரில் மனு அனுப்பினோம். 2024 மார்ச்சில் விசாரணை. வீடியோவில் பேசச் சொன்னாங்க. கை நடுங்கிச்சு. ஆனால் நோட்டைக் காட்டித் தேதியைச் சொன்னப்ப கம்பெனிக்காரரால் பதில் சொல்ல முடியலை.

தீர்ப்பு எங்க பக்கம் வந்துச்சு. மே மாசம் 1,17,900 ரூபாய் வங்கியில் ஏறிச்சு. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம்னு மீதியைக் கழிச்சிட்டாங்க. பத்து மாச அடகு வட்டியை யாரும் தரலை. ராத்திரி ராத்திரி முழிச்சுக் கிடந்ததுக்கும் யாரும் எதுவும் தரலை. ஆனாலும் சங்கிலியை மீட்டேன், குழுக் கடனை அடைச்சேன்.

இதோட முடிச்சுட்டா நான் ஏதோ கெட்டிக்காரி மாதிரி ஆயிடும். அதனால இன்னொண்ணும் சொல்லணும். எங்க ஊரில் இன்னொரு அக்காவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. பாலிசி எடுக்கும்போது ஏஜெண்டுகிட்ட சொல்லியிருக்காங்க. "அதை எழுதினா பிரீமியம் கூடும், எழுத வேண்டாம்"னு அவன் இல்லைன்னு போட்டுட்டான். பின்னாடி காலில் புண் வந்து ஆபரேஷன் ஆச்சு. பணம் வரலை, பாலிசியும் ரத்து. அவங்களும் குறைதீர்ப்பாளர்கிட்ட போனாங்க. தோத்துட்டாங்க. பாரத்தில் இருந்தது அவங்க கையெழுத்து. ஏஜெண்டுக்குக் கமிஷன் அப்பவே வந்திருச்சு. அக்காவுக்கு அரை ஏக்கர் போச்சு.

எனக்கு ஒரு கேள்வி இருக்கு. நம்ம குழுவில் கடன் கேட்டால் எப்ப விசாரிக்கிறோம்? பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி. எதுக்குக் கடன், எப்படிக் கட்டுவே, பழைய பாக்கி இருக்கான்னு எல்லாம் கேட்டுத்தான் கையெழுத்து வாங்குறோம். இந்தக் கம்பெனிகள் பிரீமியம் வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்கிறதில்லை, "வாங்க வாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டு வாங்குறாங்க. நாம படுக்கையில் விழுந்த பிறகுதான் துருவித் துருவி விசாரிக்கிறாங்க. இது என்ன நியாயம்?

நான் மட்டும் இப்படிச் சொல்லலை. 2023-24-ல் நாடு முழுக்க 15,000 கோடி ரூபாய்க்கு மேல் மருத்துவ கிளைம்களை அனுமதிக்கலைன்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கையே சொல்லுதாம். என் மக பேப்பரில் வாசிச்சுக் காட்டினாள். அதில் எத்தனை பேர் நோட்டைத் தேடிப் பார்த்திருப்பாங்க, எத்தனை பேர் கவுண்டரில் கத்திட்டுப் போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன்.

அக்காமாரே, கோபம் வரணும். வரலைன்னாத்தான் தப்பு. ஆனால் கவுண்டரில் கத்துன கோபம் அங்கேயே காத்தோட போயிடும். எழுதிக் கொடுத்த கோபத்துக்குத்தான் அவங்க பதில் சொல்லியாகணும். அதனால நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க.

பாலிசி வந்ததும் அதோட நீங்க கொடுத்த பதில்களின் நகலும் வரும். பிள்ளைகளை வச்சு வாசிக்கச் சொல்லுங்க. தப்பு இருந்தால் உடனே எழுதித் திருத்துங்க. பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்.

இருக்குற நோயை மறைக்காதீங்க. 2024 ஏப்ரலில் விதி மாறியிருக்கு. ஏற்கெனவே இருக்குற நோயைச் சொல்லி எடுத்தால், அதுக்குக் காத்திருக்கச் சொல்றது அதிகபட்சம் 3 வருஷம்தான். விடாமல் 5 வருஷம் கட்டிட்டால், மோசடின்னு நிரூபிச்சால் ஒழிய, மறைச்சிட்டீங்கன்னு காரணம் காட்டி மறுக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நோய் எத்தனை நாளா இருக்குன்னு கேட்பாங்க. வலியில் இருக்குறவங்களைப் பேச விடாதீங்க. தெரிஞ்சவங்க நின்னு சரியாச் சொல்லுங்க, என்ன எழுதினாங்கன்னும் கேட்டுக்கோங்க.

பணம் இல்லைன்னு சொன்னால் காரணத்தை எழுத்தில் வாங்குங்க. முதலில் கம்பெனிக்கு எழுதணும். ஒரு மாசத்தில் பதில் வரலை, அல்லது பதில் சரியில்லைன்னா, ஒரு வருஷத்துக்குள்ள குறைதீர்ப்பாளருக்கு மனு போடலாம். 155255-க்கு போன் செஞ்சு ஆணையத்திலும் புகார் பதியலாம்.

கடைசியா, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்க. 5 லட்சம் வரைக்கும் இருக்கு, பிரீமியம் கிடையாது. வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸில் இருக்குற மையத்துக்குப் போகணும். தனியார் பாலிசி இருக்கேன்னு நாங்க அதை எடுக்காமல் விட்டதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். மாசத்தில் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, அவங்கவங்க வீட்டு பாலிசியைக் கொண்டு வரச் சொல்லி வாசிக்கலாம். அதைத் தீர்மான நோட்டில் இன்னைக்கே எழுதிடுங்க. அந்தச் சின்ன நோட்டை இன்னமும் பீரோவில் சங்கிலிக்குப் பக்கத்தில்தான் வச்சிருக்கேன்.