பதிவேட்டில் அடங்காத சாலி கிராஸ்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பென்சில் சோதனை பற்றி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு 1950இல் மக்கள் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொருவரும் வெள்ளையரா, கலப்பினத்தவரா, கறுப்பரா என்று பதிவேட்டில் எழுதியாக வேண்டும். 1860இல் மெட்ராசிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் ‘இந்தியர்’ என்று ஒரு பெட்டி உண்டு. ஒருவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று சந்தேகம் வந்தால் அதிகாரி தலைமுடிக்குள் பென்சிலைச் செருகுவார். கீழே விழுந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பெட்டியிலும் தங்கை ஒரு பெட்டியிலும் விழுந்த கொடுமையெல்லாம் நடந்தது. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்தான் முடிவு செய்தது.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு கட்டமும் இருந்தது. ஆணா, பெண்ணா? இனக் கட்டத்தை எதிர்த்து உலகமே குரல் கொடுத்தது. இந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டையும் எதிர்த்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெயர் சாலி கிராஸ்.

1953 ஆகஸ்டில் கேப்டவுன் நகரின் வின்பெர்க் பகுதியில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இனக் கட்டத்தில் வெள்ளையர் என்று எழுதுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. பால் கட்டத்தில்தான் சிக்கல். குழந்தையின் உடல், ஆண் உடல் இப்படி, பெண் உடல் இப்படி என்று மருத்துவம் வைத்திருந்த இரண்டு வரையறைகளுக்குள்ளும் அடங்கவில்லை. ஆண் என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஓர் ஆண்பெயரும் வைத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டியிருக்கிறது. நம்மிடம் இதில் நிறையக் குழப்பம் உண்டு. இன்டர்செக்ஸ் என்பதைத் தமிழில் ஊடுபால் என்றும் இடைப்பால் என்றும் எழுதுகிறோம். குரோமோசோம், சுரப்பி, பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்றோ பலவோ வழக்கமான ஆண், பெண் அமைப்பிலிருந்து பிறவியிலேயே வேறுபட்டு இருப்பது. ஐ.நா. எடுத்துக்காட்டும் மதிப்பீடு, மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 விழுக்காடு வரை என்கிறது. திருநர் என்பது வேறு விஷயம். அது ஒருவர் தன்னை என்னவாக உணர்கிறார் என்பது பற்றியது. யாரைக் காதலிக்கிறார் என்பது மூன்றாவது விஷயம். ஊடுபால் உடலோடு பிறந்தவர் தன்பால் ஈர்ப்போ இருபால் ஈர்ப்போ எதிர்பால் ஈர்ப்போ உள்ளவராக இருக்கலாம், எந்த ஈர்ப்பும் இல்லாதவராகவும் இருக்கலாம். நம் முகநூல் விவாதங்களில் இந்த மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, கடைசியில் ‘அவங்க பாவம்’ என்று முடித்துவிடுகிறோம். பாவப்படுவதற்கு இதில் எதுவும் இல்லை.

சாலி பிறந்த காலத்தை ஒட்டித்தான், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் மனி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு வழிமுறையை வகுத்தார்கள். இப்படிப் பிறக்கும் குழந்தைக்குச் சீக்கிரமே ஒரு பாலை முடிவு செய்து, அதற்கேற்ப உறுப்பை வெட்டித் தைத்து, விஷயத்தை மூடி மறைத்து வளர்த்துவிடலாம் என்பதுதான் அது. உலகமெங்கும் மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. ஆயிரக்கணக்கான குழந்தைகள் வலியோடும் உணர்விழந்த உறுப்புகளோடும், தங்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் வளர்ந்தார்கள். குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்பதற்காக இதைச் செய்யவில்லை. பெரியவர்களுக்குச் சங்கடமாக இருந்தது, அதற்காகச் செய்தார்கள். சாலி அந்தக் கத்தியிலிருந்து தப்பியவர். வாழ்நாள் முழுக்க அதை எதிர்த்தவர்.

இளமையிலேயே நிறவெறி எதிர்ப்பு அரசியலுக்கு வந்தார். தடை செய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசில் சேர்ந்தார். வெள்ளையராகப் பதியப்பட்டவருக்கு அந்த நாட்டில் எல்லாச் சலுகையும் கிடைக்கும், வாயை மூடிக்கொண்டு இருந்தால். இவர் இருக்கவில்லை. 1977இல் நாட்டை விட்டுத் தப்பி வெளியேற வேண்டியதாயிற்று. முதலில் போட்ஸ்வானா, பிறகு இஸ்ரேல். அதற்கு முன்பே கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போய், ஆக்ஸ்போர்டில் தொமினிக்கன் துறவற சபையில் சேர்ந்து, 1987இல் குருப்பட்டம் பெற்றார். அறநெறி இயல் கற்பித்தார்.

அதே 1987 ஜூலையில் செனகல் நாட்டின் டக்கார் நகரில் ஒரு சந்திப்பு நடந்தது. வான் சில் ஸ்லாபர்ட் தலைமையில் ஆப்பிரிக்கானர் அறிவாளிகள் ஒரு பக்கம், தாபோ உம்பெக்கி தலைமையில் நாடு கடந்து வாழ்ந்த விடுதலை இயக்கத்தினர் மறுபக்கம். நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த கதையில் முக்கியமான அத்தியாயம் அது. இயக்கத்தின் சார்பில் போனவர்களில் இந்தத் துறவியும் ஒருவர். அந்தப் பட்டியலில் சாலி என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆணாகப் பதிந்த பழைய பெயர்தான் இருக்கும்.

நாற்பது வயதை நெருங்கும்போது, தன் உடலைப் பற்றி நெடுநாளாக மனதில் இருந்த கேள்வியோடு ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் போனார். தான் ஊடுபால் உடலோடு பிறந்தவர் என்பது தெளிவாயிற்று. இனிப் பெண்ணாக வாழ்வது என்று முடிவெடுத்தார். அங்கேதான் திருச்சபை விழித்துக்கொண்டது. கத்தோலிக்கச் சட்டப்படி ஞானஸ்நானம் பெற்ற ஆண் மட்டுமே குருவாக முடியும். ஆக, அவருடைய படிப்பு, பக்தி, போதனை, பல வருடத் துறவு எல்லாமே அந்தப் பதிவேட்டில் யாரோ எழுதிய ஒரு சொல்லின் மேல் நின்றுகொண்டிருந்தன. சொல்லை எடுத்ததும் எல்லாம் சரிந்தது. குருத்துவம் பறிபோனது. பல ஆண்டுகள் கூட வாழ்ந்தவர்கள் விலகினார்கள். கருவறைக்குள் யார் போகலாம் என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்யும் ஊரில் இருக்கும் நமக்கு இந்தத் தர்க்கத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னும் ஒருபடி மேலே போனவர்களும் இருந்தார்கள். மனிதரை ஆணும் பெண்ணுமாகக் கடவுள் படைத்தார் என்கிறது விவிலியம். நீ இரண்டுமாக இல்லை. எனவே நீ மனிதரே இல்லை, உனக்குக் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லாது. இப்படி ஒரு பழமைவாதக் கிறித்தவர் அவரிடம் வாதிட்டார். அப்படியானால் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் ஒரு மீன் டப்பாவுக்குக் கொடுத்ததும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று சாலி அதைக் கிண்டலாகச் சொல்லித் திரிந்தார். நொறுங்கிப் போயிருக்க வேண்டிய இடத்தில் வந்த கிண்டல் அது.

கிண்டலோடு விடவில்லை, எழுதினார். 1999இல் ‘இறையியலும் பாலியலும்’ என்று பொருள்படும் ஆங்கில ஆய்விதழில், ஊடுபால் குறித்தும் விவிலியம் குறித்தும் ஒரு கட்டுரை வெளிவந்தது. எந்த வசனத்தை வைத்து அவரை மனிதர் இல்லை என்றார்களோ, அதே ஆதியாகம வசனத்தைத்தான் எடுத்துக்கொண்டார். முதல் மனிதனைக் கடவுள் ஆணும் பெண்ணும் சேர்ந்த ஓருடலாகப் படைத்தார் என்று பழைய யூத ரபிகளே உரை எழுதியிருக்கிறார்கள். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத உடல்களுக்கு யூதச் சட்ட நூல்களில் தனிச் சொற்களே உண்டு. சின்ன வயதில் கற்ற யூதப் படிப்பை வைத்துக் கிறித்தவ மடமையை அடித்தார் என்று சொல்லலாம். சாத்திரத்துக்குள் போய் நியாயம் தேடுவது வீண் வேலை என்று நம்மில் சிலர் சொல்வோம். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் எதிரி கையில் வைத்திருக்கும் ஓலையை வாங்கி, அதில் எழுதியிருப்பதை அவனுக்கே வாசித்துக் காட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அம்பேத்கர் அந்த வேலையை எவ்வளவு உழைப்போடு செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நிறவெறி ஆட்சி போய்விட்டது. 1991இலேயே மக்கள் பதிவுச் சட்டமும் நீக்கப்பட்டுவிட்டது. சாலி தாய்நாடு திரும்ப நினைத்தார். போராடி வென்ற நாடு, தன் இயக்கமே ஆளும் நாடு. அங்கே அவருக்குக் காத்திருந்தது உள்துறை அலுவலகம். உடல் ஒன்றாகவும் தாள் ஒன்றாகவும் இருப்பவருக்கு ஆவணம் தர முடியாது என்றது. அறுவை சிகிச்சை செய்து உடலை ‘தெளிவாக்கி’க்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றது. ஒரு காலத்தில் தலைமுடிக்குள் பென்சில் விட்ட அரசு இயந்திரம், இப்போது ஆடைக்குள் கத்தி விடப் பார்த்தது. சாலி மறுத்தார். புதிய அரசியல் சாசனம் கொடுத்த உரிமைகளைச் சுட்டிக்காட்டி மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். கடைசியில், பிறப்பில் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டு பெண் என்று திருத்திக் கொடுத்தார்கள். கத்தி படாமல்.

மேற்கு கேப் மாகாணத்தில் நில உரிமைக் கோரிக்கை ஆணையத்தில் வேலை பார்த்தார். நிறத்தின் பெயரால் வீட்டையும் நிலத்தையும் பறிகொடுத்தவர்களின் மனுக்களைக் கவனிக்கும் அலுவலகம் அது. பஞ்சமி நிலத்துக்காக மனு எழுதித் தேய்ந்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். அந்தக் காலத்திலேயே, 2000 வாக்கில், இன்டர்செக்ஸ் தென்னாப்பிரிக்கா என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அவர் செய்த சட்ட வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பதிவேட்டில் பாலை மாற்றிக்கொள்ள வழி செய்யும் சட்டம் 2003இல் வந்தபோது, அதில் ஊடுபால் மக்களுக்கும் இடம் கிடைக்க உழைத்தார். அடுத்தது சமத்துவச் சட்டம். பாகுபாட்டைத் தடுக்க 2000இல் இயற்றிய சட்டம் அது. அதில் ‘பால்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லிப் போராட்டத்தை நீட்டவில்லை. இருக்கிற ‘பால்’ என்ற சொல்லுக்குள் ஊடுபாலும் அடங்கும் என்று வரையறையை விரிக்கச் சொன்னார். 2005இல் சட்டத் திருத்தம் வந்தது. வழக்கமான பால் வேறுபாட்டிலிருந்து எந்த அளவுக்கு விலகிய பிறவி உடலானாலும் இந்தச் சட்டம் காக்கும். உலகில் ஒரு நாட்டின் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டத்தில் இந்தச் சொல் ஏறியது அதுதான் முதல் முறை. மாநாட்டு மேடை, ஊர்வலம் எதுவும் இல்லாமல், ஓரிரு வரித் திருத்தம். இந்த மாதிரி வேலைக்கு நம் இயக்கங்களில் கைதட்டல் கிடைப்பதில்லை.

சாதியும் பாலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. உடல்களில் வேறுபாடு உண்டு. சாதிக்கு உடலில் ஒரு சுவடும் கிடையாது, அது முழுக்க முழுக்கக் கட்டிவைத்த பொய். ஆனால் பிறந்த குழந்தை கண் திறப்பதற்குள் யாரோ வந்து ஒரு சொல்லை எழுதிவிட்டு, இனி இதன்படிதான் நீ நடக்க வேண்டும் என்று சொல்கிறார்களே, அந்தக் கை ஒரே கைதான். நம் அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவிலும் சாதியும் பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஊடுபால் குழந்தைகளுக்கு உடலை ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சையைத் தடை செய்யச் சொன்னது. அதே ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விதிவிலக்கு. அந்த ஆபத்து நிஜமா, சாக்கா என்று பார்க்க பிரசவ வார்டு வாசலில் யார் நிற்கிறார்கள்? மருத்துவம் படிக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த அரசாணையை உங்கள் கல்லூரியில் யாராவது வாசிக்கச் சொன்னார்களா?

சாலியின் கடைசிக் காலம் பற்றி இணையத்தில் வரும் அஞ்சலிக் குறிப்புகள் இரண்டே வரியில் தாண்டிப் போகின்றன. அவர் நோயில் விழுந்தார். நடமாட்டம் குறைந்தது. வருமானம் இல்லை. மருத்துவச் செலவுக்கு நண்பர்களிடம் கேட்கும் நிலை வந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து ஊடுபால் செயற்பாட்டாளர்கள் அவரிடம் ஆலோசனை கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள், அவரும் பதில் போட்டுக்கொண்டிருந்தார். 2014 பிப்ரவரி 14 அன்று கேப்டவுனில் இறந்தார். வயது 60. அவர் திருத்திய சட்டம் அப்படியே இருக்கிறது. குழந்தைகளின் உடலில் கத்தி வைப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டத்துக்காக அங்கே அவருக்குப் பின் வந்தவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.