ஒற்றைச் சக்கரமும் ஓர் அரியரும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "ஜப்பானில் வேலை பார்த்திருக்கிறாய், ஏதாவது தொழில்நுட்பம் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்றார். சரி என்றேன். ஆனால் ரோபோவைப் பற்றியும் புல்லட் ரயிலைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. அதையெல்லாம் உங்கள் கையில் இருக்கிற செல்போன் என்னைவிட நன்றாகச் சொல்லும். இதோ, மேடைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேனே, இதைப் பற்றித்தான் பேச வந்தேன். ஒற்றைச் சக்கர சைக்கிள். காலையில் இதைத் தூக்கிக்கொண்டு வரும்போது வாசலில் வாட்ச்மேன் கேட்டார்: "சார், மீதி சைக்கிள் எங்கே?"

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் 2005 முதல் 2009 வரை இங்கே மெக்கானிக்கல் படித்தவன். ஆறாவது செமஸ்டரில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் போய்விட்டது. அடுத்த முறையும் போனது. கடைசி செமஸ்டரோடு சேர்த்து எழுதியபோதும் போனது. என் அப்பா லேத் பட்டறையில் டர்னர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேம்பஸில் கிடைத்திருந்த வேலை, அரியர் இருந்ததால் கைநழுவிப் போனது. "எப்போ சேரணும், லெட்டர் வந்துச்சா?" என்று அவர் தினமும் கேட்கக் கேட்க, வேறு வழியில்லாமல் ஒருநாள் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல் தடவையே சொல்லியிருந்தா ஒரு ட்யூஷன் வெச்சிருக்கலாமேடா" என்றார். அவ்வளவுதான். நான்காவது முறை, 2009 நவம்பரில் பாஸ் செய்தேன். ஆனால் பாடம் புரிந்து பாஸ் செய்தேனா என்றால் இல்லை. மனப்பாடம்.

அந்தப் பாடத்தில் ஒரு வகுப்பு மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் பேராசிரியர் ஒட்டடைக் கம்பு ஒன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு வகுப்புக்குள் நடந்தார். "கம்பு நிற்கிறது என்று நினைக்காதீர்கள். அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. என் கை அதன் அடிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது" என்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து அதேபோல நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. நீளமான கம்பு மெதுவாகச் சாயும், கைக்கு நேரம் கிடைக்கும். பென்சில் சட்டென்று சாயும். கண் பார்த்து, மூளை சொல்லி, கை நகர்வதற்குள் வேலை முடிந்துவிடும். தலைகீழ் ஊசல் என்பார்கள் இதை. நாங்கள் சிரித்தோம். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

அந்த வகுப்பு எனக்குப் புரிய பத்து வருஷம் ஆயிற்று. புரிய வைத்தது ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி.

2017-இல் வேலை நிமித்தமாக நகோயாவுக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன பூங்கா. சாயங்காலம் ஆனால் எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தைகள் கைகோத்துக்கொண்டு ஒற்றைச் சக்கரத்தில் சுற்றுவார்கள். நமக்கு அது சர்க்கஸ். அங்கே அது பள்ளிக்கூடத்து விளையாட்டு. 1989-இல் வெளியான தொடக்கப்பள்ளிப் பாடத்திட்ட வழிகாட்டுதலில் உடற்கல்விப் பகுதியில் இதைச் சேர்த்தார்கள். 1992-இல் அது நடைமுறைக்கு வந்தது. பல பள்ளி மைதானங்களில் ஸ்டாண்டு போட்டு வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள்.

குழந்தைகள் ஓட்டுகிறார்கள், நமக்கு இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன். 2018 ஏப்ரலில் கடைக்குப் போய், அவர்கள் மொழியில் "இச்சிரின்ஷா வேண்டும்" என்றேன். அழைத்துப்போய்க் காட்டினார்கள். சிமென்ட் அள்ளுகிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி! இரண்டுக்கும் அங்கே ஒரே பெயர். ஒருவழியாகச் சரியானதை வாங்கினேன். 20 அங்குலச் சக்கரம்.

இதில் செயின் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பெடல் நேராக அச்சோடு பிணைந்திருக்கிறது. மிதித்தால் நகரும், நிறுத்தினால் நிற்கும், பின்னால் மிதித்தால் பின்னால் போகும். முன்பக்கம் சாய்ந்தால் வேகமாக மிதித்துச் சக்கரத்தை உடம்புக்கு அடியில் கொண்டுவர வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் சக்கரத்தையும் இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஒட்டடைக் கம்பேதான். இந்த முறை கம்பு நான்.

யாரும் பார்க்கக் கூடாது என்று காலை ஐந்து மணிக்குப் போவேன். பூங்காவில் குழந்தைகள் தொங்கி விளையாடுகிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். கம்பியை விட்டதும் விழுவேன். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் போகும். மூன்று வாரத்தில் என் சாதனை ஒன்றரைச் சுற்று. அதாவது ஒரு கட்டில் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரமாகிவிட்டது. கீழ்வீட்டுச் சிறுமி வந்துவிட்டாள். "ஓஜிசான்" என்று கூப்பிட்டாள். மாமா என்று அர்த்தம். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் தாத்தா. அவள் இழுத்தாளா என்று இன்றுவரை சந்தேகம். என்னை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னாள். கீழே பார்க்காதே, அந்த மரத்தைப் பார். பெடல்மேல் நிற்காதே, சீட்டில் உட்கார். கம்பியை விடு. விழுந்ததும் "மோ இக்காய்" என்றாள். இன்னொரு தடவை. அவளுக்கு நான் விழுவது வேடிக்கையாகவும் இல்லை, பாவமாகவும் இல்லை. ஒரு தகவல், அவ்வளவுதான்.

என் கோளாறு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயத் தொடங்கியதும் நான் திருத்தவில்லை. "சமாளித்துவிடலாம்" என்று உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நன்றாகச் சாய்ந்த பிறகு பலமாக மிதித்தேன். சின்னச் சாய்வுக்குச் சின்னத் திருத்தம் போதும். தாமதமானால் பெரிய திருத்தம் வேண்டும், அது மறுபக்கம் தள்ளிவிடும். திருத்தம் தாமதமானால் நிலையான அமைப்பும் ஆடிப்போகும் என்று புத்தகத்தில் இருந்தது. மூன்று முறை பரீட்சையில் கோட்டைவிட்ட வரி அது.

ஜூன் வந்தது, ஜப்பானின் மழைக்காலமும் வந்தது. "காயட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பன்னிரண்டு நாள் சும்மா இருந்தேன். திரும்பிப் போனால் பத்துச் சுற்று ஓட்டியவனுக்கு மூன்று சுற்று வரவில்லை. அந்த ஊரில் காயும் நாளுக்காகக் காத்திருந்தால் ஜூலை ஆகிவிடும். சாலை மேம்பாலத்துக்கு அடியில் கொஞ்சம் சிமென்ட் தரை கண்டுபிடித்தேன். மேலே கூரை மாதிரி பாலம், ஆனாலும் சாரல் அடிக்கும். நனைந்த பிளாஸ்டிக் பெடலில் ஷூ வழுக்கும். காய்ந்த நாளில் பெடல்மேல் எழுந்து நின்று ஏமாற்றிவிடலாம். ஈரத்தில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. எடை சீட்டில் இருந்து, கால் இரண்டும் ஒரே சீராக மிதித்தால்தான் ஷூ பெடலில் இருக்கும். சிறுமி சொன்ன இரண்டாவது பாடத்தை மழைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதற்காக மழையை நான் விளையாட்டாக எண்ணவில்லை. அதே 2018 ஜூலையில் மேற்கு ஜப்பானில் பெருமழை. வெள்ளத்திலும் மண்சரிவிலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு வெயில். ஆகஸ்ட் 3 அன்று நகோயாவில் 40.3 டிகிரி. அந்த ஊரில் நாற்பதைத் தாண்டியது அதுவே முதல் முறை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெருவிளக்கில் ஓட்டினேன். செப்டம்பர் 4 அன்று ஜெபி புயல். ஒசாகா பக்கம் கடலுக்குள் கட்டிய கன்சாய் விமான நிலையத்தில் தண்ணீர் புகுந்தது. அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன். அதுவும் பயிற்சியில் ஒரு பாகம்தான்.

அந்தக் கோடையில் ஒரு செய்தி படித்தேன். எட் பிராட் என்ற ஆங்கிலேய இளைஞர் 36 அங்குல ஒற்றைச் சக்கரத்தில் உலகத்தைச் சுற்றி வந்திருந்தார். 2015 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி 2018 ஜூலையில் வீடு திரும்பினார். ஏறத்தாழ 21,000 மைல். நான் அப்போது நாற்பது சுற்று. அவருக்கும் எனக்கும் உள்ள தூரத்தை மைலில் கணக்குப் போட்டுப் பார்த்து மூடி வைத்துவிட்டேன்.

குளிர்காலத்தில் நகோயா சமவெளியில் வடமேற்கிலிருந்து ஒரு காற்று இறங்கும். இபுகி மலையின் பெயரால் "இபுகி ஒரோஷி" என்பார்கள். எதிர்க்காற்றில் ஓட்ட, முன்னால் சாய வேண்டும். பழகிக்கொண்டேன். ஒருநாள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே போகும்போது காற்று சட்டென்று நின்றது. குப்புற விழுந்தேன். எதிர்ப்பு இருந்தபோது விழாதவன், அது நின்றதும் விழுந்தேன். வேலையில் சிரமப்பட்டு மேலே வந்து, வசதி வந்ததும் தடுமாறுகிற சில நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புரியும். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விழுதலையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் ஒரு விடியற்காலை, தேங்கிய தண்ணீர் உறைந்திருக்கும் என்று தெரிந்தே போனேன். "ஒருநாள்கூட விடாமல்" என்று நோட்டில் எழுதி வைத்திருந்த கர்வம். மணிக்கட்டு முறிந்தது. ஐந்து வாரம் மாவுக்கட்டு. சிறுமியின் பாட்டி கஞ்சி மாதிரி ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நம் வீட்டுக் கிழவிகள் மாதிரியே திட்டினார். பாதி புரியவில்லை, ஆனால் முழுதும் நியாயமாகத்தான் இருந்திருக்கும். ஈரத்தில் ஓட்டியது பயிற்சி. ஐஸில் ஓட்டியது பிடிவாதம். இரண்டுக்கும் வித்தியாசம் விழுந்த பிறகு சுலபமாகத் தெரிகிறது.

இதற்கும் நம் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஜப்பான் போன முதல் வருஷம் மீட்டிங்குகளில் எனக்குப் புரியாத இடத்தில் எல்லாம் தலையாட்டுவேன். எனக்கு மொழி தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அப்படித் தலையாட்டியதில் ஒரு ஃபிக்ஸ்ச்சர் தவறான அளவில் தயாராகி வந்தது. மூன்று வாரம் போயிற்று. என் மேலதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "அன்றைக்கே ஏன் கேட்கவில்லை?" அப்பா கேட்ட அதே கேள்வி, வேறு மொழியில்.

பூங்காவில் பத்துப் பேர் பார்க்க விழுந்து பழகிய பிறகுதான் மீட்டிங்கில் கையைத் தூக்க எனக்குத் தைரியம் வந்தது. பூங்காவில் "மோ இக்காய்". அலுவலகத்தில் கொஞ்சம் மரியாதையாக "மோ இச்சிதோ". அர்த்தம் ஒன்றுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னும் சொன்னால், பக்கத்து நாற்காலி ஆள் "எனக்கும் புரியவில்லை" என்று பிறகு காதில் சொன்னார்.

தம்பி தங்கைகளே, உங்களில் அரியர் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நானே அப்போது தூக்கியிருக்க மாட்டேன். விழாமல் இருங்கள் என்றும் சொல்லமாட்டேன். இந்தச் சக்கரத்தில் ஏறியவன் அதைச் சொல்ல முடியாது. இப்போது நான் நன்றாக ஓட்டுகிறேன் என்றால், நொடிக்கு நொடி விழத் தொடங்கி நொடிக்கு நொடி திருத்துகிறேன் என்றுதான் பொருள். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சாயும்போதே சொல்லிவிடுங்கள். அப்பாவிடம், அம்மாவிடம், ஹாஸ்டல் ரூம்மேட்டிடம், இங்கே உட்கார்ந்திருக்கிற பேராசிரியர்களிடம். முதல் தடவையே. முதல் தடவையில் ஒரு ட்யூஷனோடு போகும். நான்காவது தடவையில் அதன் விலை அதிகம். அந்த விலையைக் கொடுத்தவன் சொல்கிறேன்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த ஒட்டடைக் கம்பை வருஷா வருஷம் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். உடனே புரியாவிட்டால் பரவாயில்லை. பத்து வருஷம் கழித்துப் புரியும்.

நான்கு மணிக்கு இந்தச் சக்கரத்தோடு சைக்கிள் ஸ்டாண்டில் இருப்பேன். ஏற விரும்புகிறவர்கள் வரலாம். முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் போட கவசம் இரண்டு செட் கொண்டுவந்திருக்கிறேன். அது இல்லாமல் யாரையும் ஏற விடமாட்டேன். என் வகுப்புத் தோழர்களும் வரலாம், தொப்பை ஒரு தடையே இல்லை. எல்லோரும் பார்க்கத்தான் விழ வேண்டும், அது மட்டும் நிபந்தனை.

வெளியே தூற ஆரம்பித்துவிட்டது. பரவாயில்லை. நம் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை இருக்கிறது.