ஊற்று மலையில், குழாய் எங்கே?

(புதுக்கடையில் தோட்டத் தலைவர், தலைவிமாருக்கு நடந்த கருத்தரங்கில் எமது சங்கத்தின் சட்டப் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



புதுக்கடைக்கு வந்தால் நாம் சம்பளம், சேமலாப நிதி, வேலைநீக்கம் பற்றியே பேசுவோம். இன்று தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். மலையில் ஊற்று இருக்கிறது. லயத்துப் பீலியில் சொட்டுகிறது. அந்த ஊற்றிலிருந்து வேறெங்கோ குழாய் போனால் யாரைக் கேட்பது?

பண்டாரவளையை மறக்க முடியாது. உமா ஓயாத் தண்ணீரைத் தெற்கின் வரண்ட பிரதேசத்துக்குத் திருப்பச் சுரங்கம் தோண்டினார்கள். 2014 டிசம்பரில் மலைக்குள் இருந்த நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீடுகள் வெடித்தன. 2017 யூனில் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரல் 24இல் திட்டம் திறக்கப்பட்டது; 120 மெகாவாற் மின்சாரமும் கிடைக்கிறது. தெற்கின் விவசாயிக்குத் தண்ணீர் போவதை நாம் எதிர்க்கவில்லை. கொடுத்தவன் வீட்டுக் கிணறு ஏன் வற்ற வேண்டும் என்றே கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிக் கட்டளைச் சட்டப்படி பொது ஆறு, ஓடைகளின் கட்டுப்பாடு அரசிடம் உள்ளது. நிலத்துக்குக் கீழுள்ள நீரை நிலத்துக்காரனுடையதாகவே பழைய சட்டம் பார்த்தது. நிலத்தடி நீரைக் கவனிக்க 1964இல் நீர்வளச் சபைச் சட்டம் வந்தது, 1999இல் திருத்தப்பட்டது. ஆனால் 1993 யூன் வர்த்தமானியின்படி, நாளொன்றுக்கு 5 இலட்சம் கன மீற்றருக்கு மேல் நிலத்தடி நீர் எடுத்தால்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை. அதாவது 50 கோடி லீற்றர்! ஒரு போத்தல் தண்ணீர்க் கம்பெனியோ ஹோட்டலோ அந்த அளவை நெருங்கவே நெருங்காது. ஒரு டிவிசனின் ஊற்றை வற்றவைக்க அதில் ஒரு துளியே போதும்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் 1980இல் பெரிய நகரங்களைச் சுற்றி நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வந்தன. நகரங்களோ தண்ணீருக்காகவே தூரத்துக் கிராமக் காணிகளை வாங்கின. 1991இல் சட்டம் குறுக்கே நின்றது: குறித்த சில இடங்களைத் தவிர, கிராமத்து நிலத்தடி நீரை அந்தப் பகுதிகளுக்குக் கொண்டுபோகக் கூடாது. இப்படி நேரடியான ஒரு விதியைத்தான் நாமும் கேட்கிறோம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில், இயற்கை வளத்துக்கு அரசு காவலாளியே என்ற கருத்தை உயர் நீதிமன்றம் ஏற்றது. 2019 ஏப்ரலில் சுன்னாகம் வழக்கில், நிலத்தடி நீரை எண்ணெய்க் கழிவால் கெடுத்த மின் நிலையக் கம்பெனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட உத்தரவானது. தோட்டக் காணியும் பெரும்பாலும் அரசினுடையதே. 1992 முதல் கம்பெனிகள் குத்தகைக்காரரே. அந்தக் காவலாளிப் பொறுப்பு எங்கள் மலைக்கும் உண்டு என்று வாதாட இடமிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதைச் செய்ய வேண்டும். ஊற்றுகளைப் பெயரோடு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். புதிய குழாய் கண்டால், யார் அனுமதி கொடுத்தது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 2018 திருத்தத்துக்குப் பின், இது தோட்டக் காணி என்று சொல்லிப் பிரதேச சபை கைவிரிக்க முடியாது.

ஒன்றை மறக்காதீர்கள்: அடிப்படை உரிமை மனுவுக்குத் தவணை ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பீலி நின்று ஆறு மாதம் கழித்து வந்தால் நாமும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

வாளிக் கணக்கோடு வாருங்கள். வழக்கைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.