டிராக்டரில் இறுகிப்போன பிரேக் டிரம்மைக் கழற்றும் விதம்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)

 

கணக்குப் பரிசோதிக்க வருகிற இன்ஸ்பெக்டர் சக்கரம் கழற்றுவதைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அதற்குக் காரணம் கணக்குப் புஸ்தகத்திலேயே இருக்கிறது. சங்கங்களின் பேரேட்டைப் புரட்டும்போது, டிராக்டர் வாடகை வரவு என்னும் பத்தி சில மாதங்கள் வெறுமையாகக் கிடப்பதையும், செலவுப் பக்கத்தில் ரிப்பேர்த் தொகை ஒரே மூச்சில் ஏறியிருப்பதையும் காண்கிறேன். விசாரித்தால், "பிரேக் இறுகிவிட்டது, டிரம் வரவில்லை, சம்மட்டியால் அடித்தோம், உடைந்துவிட்டது, வேறு டிரம் வரும்வரையில் வண்டி நின்றது" என்று காரியதரிசி விடை சொல்லுகிறார். வண்டி நின்ற காலமோ நாற்று முற்றிக்கொண்டிருக்கும் காலம். கையில் பணமுள்ளவர் வெளியிலிருந்து வேறு வண்டி பிடித்துக்கொள்ளுகிறார். அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் உடைய அங்கத்தினரே சங்கத்து வண்டியை நம்பி வரப்பின்மேல் நிற்கிறார். ஆகையால் இதுவும் சங்கத்தின் காரியமே என்று கருதிச் சொல்லத் துணிந்தேன்.

முதலில் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியவேண்டும். ஹாரி பெர்குஸன் என்பவருடைய சாம்பல் நிறச் சிறு டிராக்டர், 1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டுச் செய்யப்பட்டது. அதற்குப் பின் வந்தது 35 என்னும் மாதிரி. 1960-ம் வருஷம் சென்னையில் டாபே கம்பெனி ஏற்பட்டு, மாஸி பெர்குஸன் கம்பெனியின் உடன்பாட்டோடு டிராக்டர்கள் நம் நாட்டிலேயே செய்யப்படலாயின. இந்த வம்சத்துப் பழைய வண்டிகளில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் உட்புறமாக, வார்ப்பிரும்பினால் செய்த டிரம் ஒன்று உண்டு. அதனுள்ளே இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. மிதியை அழுத்தினால் கம்பி இழுக்க, கேம் என்னும் தண்டு திரும்பி, ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. நான் சொல்லப்போவது இந்த உலர்ந்த பிரேக்குக்கு மட்டுமே. எண்ணெயில் மூழ்கி வேலை செய்யும் பிரேக் உள்ள பிற்கால வண்டிகளுக்கு இது பொருந்தாது.

இது இறுகுவானேன்? நம் நாட்டில் காரணம் பெரும்பாலும் சேற்றுழவே. நன்செயில் தொளி கலக்கும்போது சேற்று நீர் டிரம்முக்குள் புகுகிறது. வேலை முடிந்தவுடன் டிரைவர் வண்டியை வெளிப்புறம் கழுவிவிட்டு, கொட்டகையில் நிறுத்தி, பிரேக் மிதியைக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போகிறார். ஈரமான ஷூ ஈரமான இரும்பை இறுகத் தழுவிக்கொண்டு கோடை முழுவதும் கிடக்கிறது. துரு இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது. கேம் தண்டும் தன் குழியில் துருப்பிடித்துத் திரும்ப மறுக்கிறது. டிரைவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் பிரேக்கைப் போடாமல் நிறுத்தும்படி சொன்னவர் யார்? அதற்கு வேண்டிய முட்டுக்கட்டை வாங்கிக் கொடுத்தவர் யார்?

கழற்றுவதற்கு முன், எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுகொள்ளவேண்டும். இதுவே முக்கியமான பாகம். நம்மவர்கள் தாண்டிப் போய்விடுகிற பாகமும் இதுவே. டிரம் வராமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. வண்டியை உயர்த்திக் கியரை நடுநிலையில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சக்கரம் அசையவே இல்லையானால் ஷூக்கள் பிடித்திருக்கின்றன. தாராளமாகச் சுற்றியும் டிரம் வெளியே வராவிட்டால், அது அச்சின் தட்டோடு நடுவில் பொருந்தியிருக்கும் இடத்தில் துரு பிடித்திருக்கிறது. டிரம் சிறிது வெளியே வந்து, பிறகு எதிலோ மாட்டி நின்றால், பல வருஷம் உராய்ந்ததனால் உட்சுவர் பள்ளமாகி, ஓரத்தில் வரம்பு போல ஒரு விளிம்பு ஏற்பட்டு, அதில் ஷூ தட்டுகிறது என்று அறியலாம். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சம்மட்டி வேண்டுவதே இல்லை. இரண்டாவதற்கும் சம்மட்டி கடைசி மருந்தேயன்றி முதல் மருந்தன்று.

வண்டியை உயர்த்துவது பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இதில் தவறினால் டிரம் போவதில்லை, ஆள் போய்விடுவான். கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். முன்சக்கரங்களுக்கும் மற்றப் பின்சக்கரத்துக்கும் இரு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஊஞ்சல்போல ஆடக்கூடியது. அதற்கும் மேலேயுள்ள உடம்புக்கும் நடுவே இரு பக்கமும் மர ஆப்பு அடித்து, ஆடாமல் செய்யவேண்டும். இதை மறந்து பின்பக்கத்தை உயர்த்தினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சக்கரத்தின் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே சிறிது இளக்கிக்கொள்ளுங்கள். ஜாக்கியை அச்சுக் கூட்டின் அடியில் வைத்து உயர்த்தியபின், கெட்டியான மரக்கட்டைகளை அடுக்கிப் பாரத்தை அவற்றின்மேல் இறக்கிவிடுங்கள். ஜாக்கி தூக்குவதற்குரியதே அல்லாமல் தாங்குவதற்குரியதன்று. செங்கல்லை அடுக்காதீர்கள், அது பாரத்தில் சொல்லாமல் பிளக்கும். டயரில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால், சக்கரத்தை எடுப்பதற்கு முன் தண்ணீரை இறக்கிவிடவேண்டும். அந்த எடை இரண்டு ஆள் கைக்கு அடங்காது.

ஷூக்கள் பிடித்திருக்கிறதென்று கண்டால், சக்கரத்தை அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். அதைவிடப் பெரிய நெம்புகோல் உங்களிடம் இல்லை. முதலில் மிதியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி, கேம் தண்டின் கையைப் பழைய நிலைக்குத் தட்டிக் கொண்டுவாருங்கள். அது வரவில்லையானால் தண்டு வெளியே வரும் இடத்தில் மெல்லிய எண்ணெய் சில துளி விட்டு, முன்னும் பின்னுமாக அசையுங்கள். பிறகு, ஷூக்களை நெருக்கவும் இளக்கவும் உள்ள ஏற்பாட்டை இளக்கவேண்டும். சில வண்டிகளில் அது பின் தட்டுக்கு வெளியே நீட்டிய சதுரத் தலையாக இருக்கும். வேறு சிலவற்றில் ஒரு துவாரத்தின் வழியே திருப்புளியை விட்டுப் பல்சக்கரம் ஒன்றைத் திருப்பவேண்டும். எந்தத் திசையில் திருப்பினால் இளகும் என்பதை, நல்ல நிலையிலுள்ள மற்றப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். முழுவதும் இளக்கியபின் இரண்டு பேர் டயரை இரு பக்கமும் பிடித்து, ஊஞ்சலாட்டுவதுபோல முன்னும் பின்னும் அசைத்தால், துரு பெரும்பாலும் 'டக்' என்று விட்டுவிடும். விளிம்பில் ஷூ தட்டும் நோய்க்கும் இப்படி இளக்குவதே பரிகாரம்.

இப்போது சக்கரத்தை எடுத்துவிடலாம். டிரம்மின் முகத்தில், உட்பதிந்த தலையுள்ள சிறு ஸ்க்ரூக்கள் இரண்டு அதை அச்சின் தட்டோடு பிடித்திருக்கும். அவை சேற்றாலும் துருவாலும் மூடப்பட்டிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை இருப்பதே தெரியாமல் டிரம்மை அடித்து உடைத்தவர்கள் உண்டு. கம்பித் தூரிகையால் தேய்த்து, தலையிலுள்ள பள்ளத்தை ஆணி முனையால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு பொறுத்திருங்கள். பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளியை வைத்து, அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டிய பிறகு திருப்பினால் ஸ்க்ரூ மனமிரங்கும். பொருந்தாத திருப்புளி பள்ளத்தைச் சிதைத்துவிடும். சிதைந்துவிட்டால் தலையைத் துளையிட்டு எடுத்துவிட்டு, டிரம் வந்த பின் மீதித் துண்டைக் குறடால் பிடித்துத் திருகிக்கொள்ளலாம்.

ஸ்க்ரூக்கள் போனபின்னும் டிரம் வராவிட்டால், நடுவில் அச்சோடு சேரும் வளையத்தைச் சுற்றி எண்ணெய் விட்டுக் காத்திருக்கவேண்டும். காலையில் விட்டு மாலையில் பார்ப்பது உத்தமம். எண்ணெய் ஷூக்களின் பக்கம் வழியக்கூடாது. லைனிங்கில் எண்ணெய் ஊறினால் அது பிரேக் பிடிக்காது. பிறகு கொட்டாப்புளியாலோ, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலாலோ டிரம்மின் முகத்தில் நடுப்பாகத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பலத்தால் டிரம் வருவதில்லை. அதிர்ச்சியால் துரு பொடிந்தே வருகிறது. ஓரத்தில் அடிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, பிளக்கும். சில டிரம்களில் மரையுள்ள துவாரங்கள் இரண்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் தகுந்த போல்ட்டுகளை இட்டு, இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்றுச் சுற்றாகத் திருப்பினால் டிரம் தானே எழும்பி வரும். மூன்று கால் புல்லர் கிடைத்தாலும் மிக இழுக்காமல், சிறிது இறுக்கி நடுவில் தட்டி, மறுபடியும் சிறிது இறுக்கிச் செல்லவேண்டும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் நெருப்பு உண்டு. டிரம்மின் நடுப்பாகத்தை ஊதுவிளக்கால் ஒரே இடத்தில் காட்டாமல் சுற்றிலும் காய்ச்சினால் அது சிறிது விரிந்து கொடுக்கும். காய்ந்ததன்மேல் தண்ணீர் ஊற்றினால் அக்கணமே வெடிப்புக் காணும். அருகில் அச்சின் ஆயில் சீல் இருப்பதால் சூடு அதிகமானால் அது கருகிப்போகும். முன்பு விட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டு, மண்ணெண்ணெய் டப்பாவை அப்புறப்படுத்திய பிறகே நெருப்பை எடுக்கவேண்டும். எனக்குக் கேட்டால், இந்தக் கட்டத்தில் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது என்பேன். அவர் கூலி ஒரு டிரம்மின் விலையைவிடக் குறைவு.

டிரம் வந்தவுடன் உள்ளே கருப்புத் தூள் படிந்திருப்பதைக் காண்பீர்கள். அதை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும், துடைப்பத்தால் தட்டுவதும் நம் கொட்டகைகளில் வழக்கமாக இருக்கிறது. இந்த வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பழைய லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு போய் நுரையீரலில் தங்கி, பல வருஷங்கள் கழிந்தபின் புற்றுநோயை உண்டாக்கவல்லவை. இன்று ஊதுகிறவனுக்கு இன்று ஒன்றும் தெரியாது என்பதே இதிலுள்ள கொடுமை. தண்ணீரைத் தெளித்துத் தூளை நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையிலிட்டுக் கட்டி, ஆழமாகப் புதைத்துவிடவேண்டும். வேலை செய்த சட்டையைக் கழற்றாமல் வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கக்கூடாது.

ஷூக்கள் எண்ணெயில் நனைந்திருந்தால் அச்சின் ஆயில் சீல் ஒழுகுகிறதென்று பொருள். சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதே. லைனிங் மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். திரும்ப மாட்டும்போது அச்சின் தட்டிலுள்ள துருவைச் சுரண்டி, அங்கும் ஸ்க்ரூ மரையிலும் மட்டும் சிறிது கிரீஸ் தடவுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு பக்கத்துப் பிரேக் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இறுகிய பக்கத்தின் கம்பியைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கொண்டே ஓட்டுகிறார்கள். வயலில் அது தெரியாது. அங்கே திரும்புவதற்கு ஒரு பிரேக்கைத்தான் மிதிப்பது வழக்கம். ஆனால் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் கரைமேல் போகும்போது எதிரே ஒரு மாடு வந்தால் என்ன ஆகும்? ஒரு சக்கரம் நிற்கும், மற்றது ஓடும், வண்டி நின்ற சக்கரத்தைச் சுற்றித் திரும்பி வாய்க்காலில் கவிழும். டிராக்டர் கவிழ்ந்தால் டிரைவர் அதன் அடியிலேதான் இருப்பார். உங்கள் கொட்டகையில் நிற்கும் வண்டியிலும் இடப்பக்கத்துக் கம்பி கழன்று தொங்குவதை இன்று காலையில் பார்த்தேன். அந்த வண்டியை வாடகைக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்திடவேண்டாமென்று காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார்.

1904-ம் வருஷத்துச் சட்டம் கடன் சங்கங்களுக்கே இடங்கொடுத்தது. 1912-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகே கடன் அல்லாத காரியங்களுக்கும் சங்கங்கள் ஏற்பட வழி உண்டாயிற்று. கடனுக்குத் தவணை உண்டு. தவறினால் நோட்டீஸ் உண்டு. பொதுவான யந்திரத்துக்கு அப்படி நினைப்பூட்டுபவர் ஒருவருமில்லை. ஆகையால் பஞ்சாயத்தார் இரண்டு தீர்மானங்கள் செய்யும்படி கோருகிறேன். ஒன்று, ஒவ்வொரு வருஷமும் கோடையில் இரண்டு டிரம்களையும் கழற்றிப் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி டிரைவரும் காரியதரிசியும் கையெழுத்திடவேண்டும். மற்றொன்று, நான்கு முட்டுக்கட்டைகள் செய்து கொட்டகையில் வைத்து, நெடுநாள் நிற்கும் வண்டியைப் பிரேக் போடாமல் கட்டை கொடுத்தே நிறுத்தவேண்டும். சேற்றுழவு முடிந்த நாளில் வண்டியைக் கழுவியபின், ஆளில்லாத பாதையில் பிரேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் உள்ளேயுள்ள ஈரம் காய்ந்துவிடும். அதற்கு முன் ரஸ்தாவுக்குக் கொண்டுபோகக்கூடாது; நனைந்த ஷூ சரியாகப் பிடிக்காது.

இன்று மாலையே டவுன் மெக்கானிக் வந்து இடப்பக்கத்து ஸ்க்ரூக்களுக்கு எண்ணெய் விட்டுப் போகிறார். நாளைக் காலை எட்டு மணிக்குக் கழற்ற ஆரம்பிப்போம். டயரைப் பிடிக்கத் திடமான ஆட்கள் இருவர் வேண்டும். மற்றவர்களும் வந்து பார்க்கலாம். பிள்ளைகளை மட்டும் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.