சேக்கிழார் நின்று நோக்கிய குடில்கள்

திருச்சிற்றம்பலம்.

 

இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது திருநாளைப்போவார் புராணம். அடியாரைக் காட்டுவதற்கு முன்னே, அவர் பிறந்த ஆதனூரைத் தெய்வச் சேக்கிழார் காட்டுகின்றார். வயல் வளம் சொன்னார். முகில் தவழும் மாடங்களைச் சொன்னார். அத்துடன் நின்றாரா? இல்லை. ஊர்ப்புறத்துப் புலைப்பாடிக்குள்ளும் நுழைகின்றார். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகள், முற்றத்திலே கோழிக்குஞ்சுகள், நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டோடும் சிறுவர்கள், மருதமர நிழலில் தோலின்மேல் மகவை உறங்கவைக்கும் உழத்தி, எல்லாவற்றையும் நின்று நோக்குகின்றார். சோழப் பேரரசின் அமைச்சர் அவர்! அரண்மனையிற் பழகிய கண் குடிலைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை.

நாமோ, பல்லாண்டு இப்புராணம் சொல்லியும், திருப்புன்கூரில் நந்தி விலகிய இடத்துக்கு விரையும் ஆவலால் இப்பாடல்களைத் தாண்டியே போயிருக்கின்றோம். அது நம் குறை. இன்று அதனைத் தீர்த்துக்கொள்வோம்.

சேக்கிழார் அவதரித்த குன்றத்தூருக்கு அருகே விரிந்து கிடக்கின்றது சென்னை மாநகரம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நகரில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர், அதாவது 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர், குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தனர். ஒரு வீட்டில் ஆளில்லா அறைகள் பல. அதன் மதிலுக்கு அப்பால் ஓரறையில் ஒரு குடும்பம் முழுதும். ஆதனூரின் மாடமும் குடிலும் இன்னும் மறையவில்லை.

அரசு வாளா இருந்ததென்று சொல்லோம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றிற்று. நொச்சிக்குப்பத்து மீனவர்க்கு, அவர்கள் வாழ்ந்த கடற்கரையிலேயே அடுக்குவீடுகள் எழுந்தன. ஆனால் 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டன. வெள்ளம் புகுந்த குடிசை போயிற்று, கல்வீடு கிடைத்தது. நன்றுதான். ஆயினும் பாத்திரம் துலக்கிய வீடும், பிள்ளை படித்த பள்ளியும் பல கல் தொலைவில் நின்றுவிட்டன. கூலியிற் பாதி வழிச்செலவானால் கூரை மட்டும் சோறிடுமா?

பங்குனியிலே திருமயிலையில் அறுபத்துமூவர் பல்லக்கேறி வருகின்றனர். அவருள் குயவருண்டு, வண்ணாருண்டு, மீனவருண்டு, ஆதனூர்த் தொண்டருமுண்டு. அவர்கள் திருவுருவுக்கு வீதியிலே இடம் விட்டு விலகி நிற்கின்றோம். அன்றிரவு அவ்வீதியைப் பெருக்கும் கைகளுக்கு உரியவர் தலைசாய்க்க அருகில் இடமுண்டா என்று கேட்டோமா?

அன்பர்களே, நாம் வேண்டுவது பிச்சையன்று. உங்கள் இல்லத்தில் உழைப்பவர் எங்கிருந்து வருகின்றார் என்று நாளையே கேளுங்கள். அவர் வழிச்செலவையும் கூலியிற் சேர்த்துக் கொடுங்கள். ஏழையர்க்கு உங்கள் தெருவருகே வீடு கட்ட முற்படும்போது மறுத்து மனுக்கொடுப்பாரோடு சேராதிருங்கள். நந்தியெம்பெருமான் அடியார்க்காக விலகினார். நாம் சற்று விலகி இடங்கொடுக்கலாகாதா?

திருச்சிற்றம்பலம்.