கோரம் சேரக் காத்திருக்கும் கிருமிகள்

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)

வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது, குடும்பத்தார் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “மூணு நாளா நல்லாத்தானே இருந்தாரு, ஐயா. ராத்திரியில திடீர்னு இப்படி ஆயிடுச்சே, ஏன்?” இதற்கு முழுப் பதில் சொல்ல என்னால் இயலாது. ஆனால் பதிலின் ஒரு பகுதியைக் கிருமிகளை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை எளிமையாய்ச் சொல்ல விரும்புகிறேன்.

சேகரக் கமிட்டிக்கு வந்துவிட்டு, கோரம் சேராமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். குறித்த எண்ணிக்கை சேரும்வரை எந்தத் தீர்மானமும் கிடையாது. பாக்டீரியாக்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆகவே 1994-இல் விஞ்ஞானிகள் இதற்குக் ‘கோரம் சென்சிங்’ என்றே பெயர் வைத்தார்கள்.

இது முதலில் தெரியவந்தது நோயாளியிடத்தில் அல்ல, கடலில் ஒளிவீசும் ஒரு பாக்டீரியாவிடத்தில். இதன் உறவினம் ஒன்று ஹவாய்த் தீவுகளின் கரையோரம் வாழும் சிறு கணவாயின் உடலுக்குள் குடியிருந்து இரவில் வெளிச்சம் தருகிறது. அந்த வெளிச்சத்தால் கணவாயின் நிழல் கீழே விழாமல் மறைகிறது. 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்ற மூவர் ஒளிவீசும் பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்தார்கள். எண்ணிக்கை குறைவாயிருந்தபோது வெளிச்சம் இல்லை. திரளாய்ப் பெருகிய பின்பே ஒளிர்ந்தது. ஆனால் திரளான கூட்டம் வளர்ந்த நீரை வடித்து, கொஞ்சமாயிருந்த கூட்டத்தில் ஊற்றியபோது, அது காலத்துக்கு முன்பே ஒளிவிட்டது. அந்த நீரில் ஏதோ ஒரு செய்தி இருந்தது.

அந்தச் செய்தி ஒரு சிறு இரசாயனப் பொருள். ஒவ்வொரு பாக்டீரியாவும் அதைச் சிறிது சிறிதாய் வெளியே விடுகிறது. கூட்டம் சிறிதானால் அது கரைந்து போகிறது. கூட்டம் பெருகினால் சுற்றிலும் தேங்கி, உயிரணுவின் புரதம் ஒன்றோடு இணைந்து, அதுவரை உறங்கிய மரபணுக்களை எழுப்பிவிடுகிறது.

தீக்காய வார்டில் பணிபுரிவோர் மிகவும் அஞ்சுகிற கிருமிகளில் ஒன்று சூடோமோனாஸ். பச்சை நிறச் சீழைக் கண்டதும் நர்சுகள் அதைச் சந்தேகிப்பார்கள். இந்தக் கிருமியிலும் இத்தகைய ஏற்பாடு இருப்பதை 1991-இல் அமெரிக்காவில் பார்பரா இக்லூஸ்கியின் ஆய்வுக்கூடம் வெளிப்படுத்தியது. கொஞ்சமாயிருக்கையில் இது பெரும்பாலும் அமைதியாய்ப் பெருகுகிறது. முன்கூட்டியே நஞ்சைக் கக்கினால் உடலின் காவல் அணுக்கள் விழித்துக்கொண்டு சிறு கூட்டத்தை அழித்துவிடக்கூடும். போதிய எண்ணிக்கை சேர்ந்ததும், தசையை அரிக்கும் நொதிகளையும் நஞ்சுகளையும் கூட்டமாய் வெளிவிடுகிறது. இந்தப் பேச்சுத் திறனை இழந்த சூடோமோனாஸ், தீக்காயம்பட்ட எலிகளின் உடலில் அவ்வளவாய்ப் பரவவில்லை என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆய்வுக்கூடத்தில் நல்ல ஊட்டம் கிடைத்தால், இது ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் 1 கிருமி 5 மணி நேரத்தில் 1,000-ஐத் தாண்டும். காயத்தில் வேகம் வேறுபடலாம். ஆனாலும் ‘திடீரென்று’ என்று நமக்குத் தோன்றுவதற்கு முன்னே, கண்ணுக்குத் தெரியாத ஒரு காத்திருப்பு நடந்திருக்கக்கூடும் என்பது விளங்குகிறது.

எல்லாக் கிருமிகளும் ஒரே விதமல்ல. காலராக் கிருமி நேர்மாறாய் நடக்கிறது. குடலில் கொஞ்சமாயிருக்கும்போதே ஒட்டிக்கொண்டு நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் தே நிரூபித்தார். கூட்டம் பெருகியதும் நஞ்சை நிறுத்திவிட்டு, பேதியோடு வெளியேறி, அடுத்தவரின் குடிநீரைத் தேடுகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், காலராவின் ‘நிறுத்து’ என்ற செய்தியை உண்டாக்கும்படி தீங்கற்ற பாக்டீரியாவை மாற்றியமைத்து எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் பல பிழைத்தன.

கிருமியைக் கொல்லாமல் அதன் பேச்சைக் குலைக்கும் மருந்து கிடைத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் இந்நாட்களில் பேருதவியாயிருக்கும். ஆனால் அப்படிப்பட்ட மருந்து இன்னும் வார்டுகளின் அன்றாட உபயோகத்துக்கு வரவில்லை. பேச்சை அடக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகையில், பேச்சுத் திறன் குன்றியவை இரத்தத்தில் நெடுநாள் தங்கிவிடுவதும் காணப்பட்டிருக்கிறது.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது என்ன? கோரம் சேர்வதற்கு முந்தின அந்த மணி நேரங்கள்தான். காயத்தைக் கழுவுவதும், அழுகிய திசுவை நீக்குவதும், சுத்தமான துணியால் டிரஸ்ஸிங் மாற்றுவதும், ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கும் வேலைகள். டிரஸ்ஸிங் நேரத்தில் நோயாளி அலறுவார். உடனிருப்போர், “இன்னைக்கு விட்டுடுங்க, சிஸ்டர், நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று கெஞ்சுவார்கள். சிஸ்டர் இளகாமல் நிற்பது இரக்கமில்லாமையால் அல்ல. நாளைக்குள் அங்கே எத்தனை சேர்ந்துவிடும் என்பதை அவர் அறிவார்.

நீங்கள் அனுப்புகிற பஞ்சும் காஸ் துணியும் சோப்பும் பெரிய இயந்திரங்களைப் போலக் கண்ணைக் கவராது. அவை செய்கிற வேலையும் வெளியே தெரியாது. அந்த வேலை நன்றாய் நடந்தால், அந்த இரவில் ஒன்றுமே நடக்காது. அப்படி ஒன்றும் நடவாத இரவுகளுக்காக உங்களுக்கு நன்றி சொல்லுகிறேன்.